அப்பா எழுதிய கடிதங்கள் எங்கள் வீட்டில் இல்லை

எழுத்தாளர் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அப்பா எழுதின கடிதமெல்லாம் பத்திரமா வச்சிருக்கீங்களாம்மா?" இல்லை என்றால் முகம் மாறிவிடும். பழைய பேப்பர்காரரிடம் தூக்கிப் போட்டுவிட்டோமோ என்று சந்தேகப்படுவார்கள். ஆனால் கடிதம் எழுதுகிறவர் அதைத் தபாலில் அல்லவா போடுகிறார்? அது போய்ச் சேர்ந்த வீட்டில்தானே இருக்கும்? அப்பா எழுதியவை ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் நாமக்கல் பக்கத்துக் கிராமங்களிலும் இருக்கின்றன. அல்லது எப்போதோ அடுப்புக்குப் போய்விட்டன. எங்களிடம் இருப்பது அப்பாவுக்கு மற்றவர்கள் எழுதியது. பாதிப் பேச்சு.

இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் வேலைக்கு ஒரு திசை கிடைத்தது. பெற்றோர் பெயர் பெற்றவராக இருந்து, அவர் விட்டுப்போன காகிதங்களோடு திண்டாடுகிறவர்கள் நம் மலேசியத் தோட்டப்புறங்களில் இன்னும் பலர் இருப்பார்கள். நாடகக்காரர், தொழிற்சங்கத் தலைவர், கோயில் தலைவர், பாட்டு வாத்தியார் என்று ஊருக்கு ஒருவராவது உண்டு. அவர்கள் பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அப்பா சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். 1950இல் தமிழ் நேசன் நாளிதழ் கதை வகுப்பு நடத்தியபோது அதைப் பார்த்து எழுதத் தொடங்கினார். அப்புறம் சிறுகதை, வானொலி நாடகம், மேடைப்பேச்சு. ஊருக்குள் அவர் 'வாத்தியார்'. வெளியே புனைபெயர். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அவருக்குக் கடிதம் எழுதியவர்களின் பிள்ளைகள் இன்னும் இதே ஊரில், இதே பசாரில் காய்கறி வாங்குகிறார்கள். சில விஷயங்களை யாருடையது என்று தெரியாமல் சொல்வதுதான் நல்லது.

அப்பா 2011இல் காலமானார். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் பின்னறையில் ஒரு தகரப்பெட்டி, மூன்று பிஸ்கட் டின், ஒரு மைலோ டின், அப்புறம் சுவரில் ஆணியடித்து மாட்டிய கடிதக் கம்பிகள். கம்பி தெரியாத இளையவர்களுக்கு: அடியில் வட்டமான கட்டை, நடுவில் நிமிர்ந்த கம்பி, மேல்நுனி கொக்கியாக வளைந்திருக்கும். கடிதத்தின் நடுவில் குத்திக் கீழே தள்ளிவிட வேண்டியதுதான். அந்தக் காலத்தில் கிராணி (தோட்ட எழுத்தர்) வீட்டிலும் கடைக்காரர் வீட்டிலும் இது இல்லாமல் இருக்காது.

இந்தக் கம்பிகளை அவிழ்க்கும் முன் நல்லவேளையாக அம்மாவிடம் பேசினோம். அம்மா சொன்னார், "பதில் எழுதினதுதான் கம்பிக்குப் போகும். எழுதாதது மேசை டிராயர்லயே கிடக்கும், நான் தெனம் கேப்பேன்." கடிதங்களைத் திருப்பிப் பார்த்தால், வலது மூலையில் சிவப்புப் பென்சிலால் 'ப' என்று ஒரு எழுத்து, பக்கத்தில் ஒரு தேதி. மாணவர் நோட்டுத் திருத்தும் அதே சிவப்பு-நீலப் பென்சில். ப என்றால் பதில். எங்களுக்கு அது புதையல் வரைபடம். 'ப. 14.3.61' என்றால் அன்று அப்பா ஒரு கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறார். யாருக்கு என்பது கடிதத்தின் அடியில் இருக்கிறது. எந்த ஊருக்கு என்பது மேலே இருக்கிறது. கம்பியில் இருந்த ஒவ்வொரு கடிதமும், வீட்டில் இல்லாத ஓர் அப்பா கடிதத்தின் ரசீது.

அதனால் முதல் பாடம்: எதையும் வகைப்படுத்தாதீர்கள். எல்லாரும் செய்ய நினைப்பது, பிரபலங்கள் எழுதியவை ஒரு பக்கம், உறவினர் ஒரு பக்கம், மற்றது குப்பை என்று பிரிப்பது. காகிதம் எந்த வரிசையில் இருந்ததோ அந்த வரிசையே ஒரு தகவல். கம்பியில் அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. தேதியில்லாத கடிதம்கூட மேலும் கீழும் இருப்பவற்றை வைத்து ஏறக்குறைய எந்த மாதம் என்று சொல்லிவிடும். பெட்டியைத் திறந்ததும் முதலில் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். ஒவ்வோர் அடுக்கையும் எடுக்கும்போது ஒரு படம். அப்புறம் பின்பக்க மூலையில் மெல்லிய பென்சிலால் ஓர் எண்: முதல் கம்பி, ஏழாவது கடிதம் என்றால் 1-7. பேனா வேண்டாம்; பால்பாயின்ட் அழுத்தினால் மறுபக்கம் புடைத்துக்கொள்ளும், மை நாளடைவில் ஊறும்.

கம்பியிலிருந்து எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நம் ஊர் ஈரத்தில் கம்பி துருப்பிடித்துத் தடித்துப்போயிருக்கும். கடிதத்தை மேலே இழுத்தால் ஓட்டை கிழிந்து, வழியில் இருக்கும் துருவெல்லாம் எழுத்தின் மேல் தேய்ந்துவிடும். கட்டிங் பிளையரை எடுத்து, முதலில் மேல் கொக்கியை, அப்புறம் கடிதக் கட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை ஒட்ட நறுக்கிவிடுங்கள். மேலிருக்கும் சில கடிதங்களை எடுங்கள். இப்போது மீண்டும் கொஞ்சம் கம்பி வெளியே தெரியும், அதையும் நறுக்குங்கள். கம்பியைக் காப்பாற்றத் தேவையில்லை, ஒன்றே ஒன்றை ஞாபகத்துக்கு முழுசாக விட்டுவைத்தால் போதும். ஓட்டையைச் சுற்றியிருக்கும் துருப்பொடியை மெல்லிய தூரிகையால் வெளிப்பக்கமாகத் தட்டிவிட்டால் சரி. அந்தப் பழுப்பு வட்டம் போகாது. போகவைக்க முயலவும் வேண்டாம்.

ஸ்டேப்ளரும் அப்படித்தான். ஸ்டேப்ளர் எடுக்கும் கிடுக்கி காகிதத்தையும் சேர்த்துக் கடிக்கும். பின்பக்கம் மடங்கியிருக்கும் இரண்டு காலையும் மெல்லிய தட்டைக் கத்தியால் நிமிர்த்திவிட்டு முன்பக்கமாக எடுக்க வேண்டும். ரப்பர் பேண்டு உருகி ஒட்டியிருந்தால் உலர்ந்து நொறுங்கும் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். செலோடேப் ஒட்டிய கடிதத்தில் கை வைக்க வேண்டாம். டேப்பை உரித்தால் எழுத்தும் கூட வரும்.

கையுறை போட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். காகிதத்துக்கு வேண்டாம். துணிக் கையுறை போட்டால் விரலுக்குத் தாள் தெரியாது, ஓரம் கிழியும். சோப்பால் கழுவி நன்றாகத் துடைத்த கை போதும். புகைப்படத்துக்கும் நெகட்டிவ்வுக்கும் மட்டும் கையுறை.

சரி, பூச்சிக்கும் பூஞ்சைக்கும் வருவோம். கறையான் வந்தால் ராத்திரியில் முடித்துவிடும். அதைத் தடுக்கப் பெட்டியைச் சுவரை விட்டும் தரையை விட்டும் தள்ளி வைப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை. இராமபாணப் பூச்சி மெதுவாகத் தின்னும். உறையின் பசையும் பழைய நோட்டு அட்டையின் பசையும் அதற்குப் பிடித்த தீனி. பூச்சி இருக்கிறது என்று தெரிந்த கட்டுகளை நாங்கள் உறைபெட்டியில் வைத்தோம். பிளாஸ்டிக் பையில் போட்டு, உள்ளிருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுக்கி மூடி, வீட்டு ஃபிரீசரின் மைனஸ் 18 டிகிரிக் குளிரில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டுக்கு வரட்டும். இல்லையென்றால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொள்ளும். அம்மா ஃபிரீசரைத் திறந்து பார்த்துவிட்டு, "மீனை எடுத்துட்டு உங்கப்பாவை வச்சிருக்கியா?" என்றார்.

பூஞ்சை வேறு கதை. குளிர் அதைக் கொல்லாது, தூங்கவைக்கும், அவ்வளவுதான். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை கிளம்பும் என்பார்கள். நம் நாட்டில் சராசரியே ஏறத்தாழ 80. அதனால் அலமாரி மட்டும் போதாது. ராத்திரி மட்டும் ஏர்கோன் போடும் அறை இன்னும் மோசம். பகலில் ஈரம் ஏறி, இரவில் இறங்கி, தாள் தினமும் விரிந்து சுருங்கும். புகைப்படக்காரர்கள் கேமரா லென்ஸ் வைக்கும், ஈரத்தைக் குறைக்கும் அலமாரியான டிரை கேபினட்தான் எங்களுக்குக் கைகொடுத்தது. ஈப்போவில் கேமரா கடைகளில் கிடைக்கும். ஈரப்பதத்தை 45 முதல் 50 விழுக்காட்டில் வைத்துவிட்டால் போதும். அதற்கு வசதியில்லாதவர்கள் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, பக்கத்தில் ஒரு சின்ன ஈரமானி வைத்துக்கொள்ளலாம். ஜெல் நிறம் மாறினால் சூடுபண்ணி மறுபடி பயன்படுத்தலாம்.

ஏற்கெனவே பூஞ்சை பிடித்ததை வெயிலில் காயப்போடாதீர்கள். மை போய்விடும். நிழலில், மின்விசிறிக் காற்று நேராகப் படாமல் காயவைத்து, வெளியே எடுத்துப்போய், முகக்கவசம் போட்டுக்கொண்டு மென்தூரிகையால் தட்ட வேண்டும். பாச்சை உருண்டை நம் வீடுகளில் சர்வரோக நிவாரணி. அதைக் கடிதப்பெட்டியில் போட வேண்டாம். வாசம் தாளில் ஏறி இறங்காது, மூச்சுக்கும் நல்லதில்லை. வேப்பிலையும் அப்படியே. ஓலைச்சுவடிக் காலத்து வைத்தியம் என்று ஓர் உறவினர் வற்புறுத்தினார்; ஈரமான இலை பூஞ்சைக்கு விருந்து வைத்த கதைதான்.

அப்பாவின் காலத்தில் பேனாவுக்குக் குவிங்க் நீலமை. தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். ஈரத்துணியால் துடைக்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்த ஏரோகிராம்கள் மெல்லிய நீலத்தாள், மூன்று மடிப்பு. ஓரம் வரை எழுதியிருப்பார்கள், பசை ஒட்டும் மடிப்பிலும் இரண்டு வரி இருக்கும். பலமுறை விரித்து மடித்தால் மடிப்பிலேயே விட்டுப்போகும். ஒருமுறை விரித்து, தட்டையாகவே வைத்துவிட வேண்டும். உறையை வீசாதீர்கள். அஞ்சல் முத்திரையில்தான் தேதி இருக்கும்; அந்தக் காலத்துப் பையன்கள் தபால்தலையை வெட்டி எடுத்துப் போய்விட்டதால் எங்களுக்குப் பல உறைகளில் தேதியே இல்லை. தபால்தலை சேர்க்கும் பழக்கத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

தேதியைக் கண்டுபிடிக்கும் வேலை மட்டும் சுகமானது. ஒருவர் 'சார்வரி, மாசி' என்று மட்டும் எழுதியிருக்கிறார். சார்வரி 1960 ஏப்ரலில் பிறந்தது. ஆக மாசி என்றால் 1961 பிப்ரவரி - மார்ச். தமிழறிஞர் ஒருவர் எப்போதும் திருவள்ளுவர் ஆண்டு போடுவார். அதில் 31 கழிக்க வேண்டும். அவருடைய 2000 நமக்கு 1969. முகவரியில் 'மலாயா' என்று இருந்தால் பெரும்பாலும் 1963 செப்டம்பருக்கு முன். போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் கிள்ளான் துறைமுகம் ஆனது, தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆனது. பெரியவர்கள் பழைய பெயரை விடமாட்டார்கள் என்பதால் இதைத் துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளைத் தட்டச்சு செய்யச் சொன்னபோது ஒரு சிக்கல் வந்தது. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் எழுதக் கற்றவர்கள் ணை, லை, னை எழுதினால் துதிக்கை வைத்து எழுதுவார்கள். றா, ணா எல்லாம் ஒரே சுழியில் வரும். இன்றைய பிள்ளைக்கு அது வேறு மொழி. ஒரு தாளில் பழைய வடிவமும் புதிய வடிவமும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மேசையில் ஒட்டிவைத்தோம். தட்டச்சில் எழுத்துப்பிழையைத் திருத்தக் கூடாது என்பதை விதியாக வைத்தோம். பால்வெட்டுக்காரர் ஒருவர் 'கித்தா மரத்துக்கு மருந்து போட்டும் பால் இல்ல' என்று எழுதினால் அது அப்படியே இருக்கட்டும். 'ரப்பர்' என்று மாற்றினால் ஆள் மாறிவிடுவார்.

ஸ்கேன் செய்வது பற்றி நீட்டி முழக்கவில்லை. கடிதம் 400 டிபிஐ, புகைப்படம் 600. கறுப்பு வெள்ளைக் கடிதமாக இருந்தாலும் வண்ணத்தில்தான் எடுக்க வேண்டும். சிவப்புப் பென்சில் எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று சொன்னேனே. வெற்றுப் பின்பக்கத்தையும் எடுங்கள். மூலப்படம் டிஃப், அனுப்புவதற்கு ஜேபெக். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், அனுப்பியவர், கம்பி எண். மூன்று படி: ஒன்று கணினியில், ஒன்று வெளி வன்தட்டில், ஒன்று ஜொகூர் பாருவில் அண்ணன் வீட்டில். வெள்ளம் இரண்டு ஊருக்கும் ஒரே நாளில் வராது என்ற நம்பிக்கை. புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிய படத்தைப் பிரதி என்று நினைத்துவிடாதீர்கள், அது நசுங்கிப்போன படம். கடைக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்வது எல்லாவற்றிலும் மோசம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுக்கவே முடியாது.

இனி பாதிப் பேச்சின் மற்ற பாதி. சிவப்பு 'ப' எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக்கினோம்: தேதி, பெயர், ஊர். அதில் எழுத்தாளர்கள் கொஞ்சம். பெரும்பாலோர் தோட்டத்து மக்கள், ஊர் திரும்பியவர்கள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றானபோது சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பல்லாயிரம் பேர் பினாங்கில் இந்தியாவுக்குப் போகும் ரஜூலா கப்பல் ஏறினார்கள். எங்கள் தோட்டத்திலிருந்தும் போனார்கள். அவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தவர் அப்பா. கார்பன் தாள் வைத்து எழுதிய அந்த மனுக்களின் நகல் மட்டும் தகரப்பெட்டியில் இருந்தது. அப்பா கையெழுத்தில் வீட்டில் இருந்தவை அநேகமாக அவைதான். பிறந்த தேதி தெரியாது, சாட்சிக்கு ஆள் இல்லை, தோட்டத்தில் 22 வருடமாகப் பால் வெட்டுகிறார் என்று மற்றவர் சார்பில் எழுதியவை. கதையில் அலங்காரமாக எழுதுகிற மனிதர் அங்கே ஓர் உவமைகூடப் போடவில்லை. அவருடைய நடையைப் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான் என்பது என் கட்சி. ஆனால் இதுவரை கேட்டுவந்தவர்களெல்லாம் 'பெரிய எழுத்தாளர்கள் யாராவது அப்பாவுக்கு எழுதியிருக்காங்களா' என்றுதான் கேட்டார்கள்.

பட்டியலில் இருந்தவர்களின் குடும்பத்தைத் தேடுவதற்குக் கோயில் திருவிழாவும் கல்யாண வீடும்தான் நல்ல இடம். "உங்க தாத்தாவுக்கு எங்கப்பா 1970இல் கடிதம் போட்டிருக்கார்" என்று தேதியோடு சொன்னால் ஆள் நிமிர்ந்து உட்காருகிறார். பொதுவாக 'பழைய கடிதம் இருக்கா' என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். நாமக்கல் பக்கத்தில் ஒரு குடும்பம் கடிதத்தை ரேஷன் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தது. 'ப. 2.11.70' என்று எங்கள் கம்பியில் இருந்த கடிதத்துக்கான பதில். தாத்தா கேட்டிருந்தது, விட்டுவந்த நாய் என்ன ஆனது என்று. அப்பா ஒரு பக்கம் முழுக்க நாயைப் பற்றி எழுதியிருந்தார். யார் வீட்டில் சோறு, மழைக்கு எங்கே படுக்கை, வேலையாட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு இன்னும் காலையில் போகிறது என்பதெல்லாம். சம்பள பாக்கி பற்றி இரண்டே வரி. அந்தக் குடும்பத்துக்கு நாயின் பெயர்தான் புதுச்செய்தி. தாத்தா அதைப் பற்றிப் பேசியதே இல்லையாம்.

மூலத்தைக் கேட்காதீர்கள், படம் மட்டும் கேளுங்கள். இது அனுபவத்தில் கண்டது. 'கடிதத்தைக் கொடுங்க' என்றால் கதவு சாத்திக்கொள்ளும். 'நீங்களே வச்சிருங்க, ஒரு படம் எடுத்துக்கிறேன், உங்க தாத்தா எழுதினதோட பிரதி நான் தர்றேன்' என்றால் காப்பி வந்துவிடும். கொடுக்கல் வாங்கல் சமமாக இருக்க வேண்டும். அவர்கள் தாத்தாவின் கையெழுத்து எங்களிடம்தானே இருக்கிறது.

அச்சில் வந்தவற்றைத் தேட வேறு வழி உண்டு. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் தமிழ் முரசின் பழைய இதழ்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டு இதழ்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர்க்காரர் ஒருவர் தனியாளாகச் சேர்த்த நூல்களிலிருந்து 1994இல் உருவானது. எந்த மாதம் என்று தெரிந்து போனால் வேலை சுலபம்; அந்த மாதத்தையும் கம்பிதான் சொல்லும்.

எதைப் பகிரலாம் என்பதில் வீட்டில் சண்டையே வந்தது. சட்டம் ஒரு பகுதியைத் தீர்த்துவிட்டது. கடிதத்தின் தாள் பெற்றவருக்குச் சொந்தம், அதில் இருக்கும் எழுத்து எழுதியவருக்குச் சொந்தம். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 50 ஆண்டு வரை அது அவர் வாரிசுகளுக்கு. அவர் இருக்கும்போது வெளிவராத எழுத்து என்றால் முதலில் வெளிவந்த ஆண்டுக்குப் பின் 50. இந்தியாவில் இது 60. அப்பாவுக்கு வந்த கடிதங்களை நாங்கள் பாதுகாக்கலாம், படிக்கலாம், ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கலாம். ஆனால் வெளியிட அவரவர் குடும்பத்தைக் கேட்க வேண்டும். அப்பா எழுதியவற்றை வெளியிடும் உரிமை எங்களுக்கு இருக்கிறது, கடிதங்கள்தான் இல்லை. வேடிக்கையான நிலை. இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளாமல் எதுவும் நடக்காது.

சட்டம் தொடாத பகுதி கஷ்டம். கடன் கேட்ட கடிதம், பிள்ளை யாருடையது என்ற கடிதம், சாதி சொல்லிக் கல்யாணத்தை நிறுத்திய கடிதம். அண்ணன் எல்லாவற்றையும் எரித்துவிடலாம் என்றார். நான் எதையும் எரிக்க வேண்டாம் என்றேன். கடைசியில் மூன்றாவது வழி பிடித்தோம்: தனி உறையில் போட்டு, எந்த ஆண்டு வரை திறக்கக் கூடாது என்று மேலே எழுதி, பட்டியலில் 'மூடியது' என்று மட்டும் குறிப்பிடுவது. ஆவணக் காப்பகங்கள் இப்படிப்பட்ட நிபந்தனையோடு வாங்கிக்கொள்வது வழக்கம்தான். அப்பா எழுதிய கடிதங்கள் வீட்டில் இல்லை என்பதற்கு ஒரே விலக்கு, பயிற்சிக் கல்லூரியிலிருந்து அம்மாவுக்கு அவர் எழுதிய சிறுகட்டு. அதை நாங்கள் படிக்கவில்லை. அம்மா படித்துவிட்டு, "இதுல இலக்கியம் ஒண்ணும் இல்ல. பாதி, பணம் அனுப்பச் சொன்னதுதான்" என்று சொல்லித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். அம்மாவின் வார்த்தையை நம்புவதா வேண்டாமா என்று அண்ணனும் நானும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

பொருள்களைப் பற்றிக் கொஞ்சம். புகழ்பெற்றவர் வீட்டில் மிஞ்சுவது பொன்னாடைதான். அலமாரி நிறைய. ஒவ்வொன்றும் எந்த மேடையில் போர்த்தியது என்று யாருக்கும் தெரியாது. தேதி தெரிந்த நான்கைந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டோம். அடுத்த விழாவில் அவை வேறு தோளில் ஏறியதைப் பார்த்தோம். சந்தனமாலையும் பிளாஸ்டிக் கேடயமும் படமெடுத்தால் போதும். வைத்திருக்க வேண்டியவை சின்னச் சாமான்கள்: மூக்குக்கண்ணாடி, அந்தச் சிவப்பு-நீலப் பென்சிலின் கட்டை, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச்சீட்டு, ஜப்பான்காரன் காலத்து வாழைமரப் படம் போட்ட பணநோட்டு ஒன்று. பேனாவில் பழைய மை காய்ந்திருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி வையுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட புகைப்படத்தை உரிக்கக் கூடாது, கண்ணாடியோடு ஸ்கேன் செய்துவிட வேண்டும். வானொலி நாடகம் பதிந்த கேசட் இருந்தால் கடிதத்துக்கு முன்னால் அதைக் கவனியுங்கள். காகிதம் இன்னும் முப்பது வருடம் பொறுக்கும், பூஞ்சை பிடித்த நாடா பொறுக்காது. அதை ஓட்டிப் பார்க்கும் கருவியும் அருகிக்கொண்டே வருகிறது.

தமிழ்ப்பள்ளியில் ஒரு சின்னக் கண்காட்சி வைத்தோம். எல்லாம் வண்ணப் பிரதிதான். மூலக் கடிதத்தைச் சுவரில் ஒட்டி வெளிச்சத்தில் வைத்தால் நீலமை வெளுத்துவிடும். பிரதி என்பதால் பிள்ளைகள் தொட்டுப் பார்த்தார்கள், தரையில் பரப்பி வைத்துப் படித்தார்கள். கடிதத்துக்குப் பக்கத்தில் பதிலையும் ஒட்டியிருந்தோம், கிடைத்த அளவுக்கு. பதில் கிடைக்காத இடத்தில் வெற்றுத்தாளில் தேதியும் ஊரும் மட்டும் எழுதி ஒட்டியதுதான் நல்ல யோசனையாகப் போனது. அதைப் பார்த்து இரண்டு குடும்பங்கள் வீட்டுக்குப் போய்த் தேடின. ஒன்றில் கிடைத்தது.

மூலங்களை எங்கே கொடுப்பது என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். கோலாலம்பூரில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம், ஆர்க்கிப் நெகாரா, தனியார் ஆவணங்களையும் ஏற்கிறது; பல்கலைக்கழக நூலகங்களும் உண்டு. யாரிடம் போனாலும் கேட்க வேண்டியவை இவை: அன்பளிப்பா, இரவலா? மூடிய உறைகளை மதிப்பார்களா? ஸ்கேன் பிரதி நமக்குத் திரும்பக் கிடைக்குமா? கம்பி வரிசையைக் குலைக்காமல் வைப்பார்களா? தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி நாளை போய்க் கேட்டால் காட்டுவார்களா? வாய்ப்பேச்சில் விடாமல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பட்டியல் இல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் அது அங்கேயும் ஒரு மூலையில் பெட்டியாகத்தான் கிடக்கும்.

எங்கள் பட்டியல் 1974 வரை வந்திருக்கிறது. அதற்குமேல் வேகமாக ஓடும் என்று நினைக்கிறேன். எண்பதுகளில் வீட்டுக்குத் தொலைபேசி வந்துவிட்டது, கம்பி கனக்காமல் போய்விட்டது.